லடாக்கில் மடங்களும் மலை நடையும் ஒரே பயணத்தில்: எதை முன்னால் வைப்பது?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான்: ஜூன் கடைசியில் சென்னையிலிருந்து கிளம்ப 14 நாள் விடுப்பு இருக்கிறது. நீங்களும் 57 வயதுச் சித்தப்பாவும் போகிறீர்கள். உங்களுக்கு 5,000 மீட்டரைத் தாண்டும் ஒரு ட்ரெக்கிங் வேண்டும். அவருக்குப் புத்த மடங்களும், முடிந்தால் ஒரு திருவிழாவும். நேபாளமா லடாக்கா என்று கேட்டுவிட்டு, "நடையை முதலில் முடித்துவிட்டால் பிறகு நிம்மதியாக ஊர் சுற்றலாம் அல்லவா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இடத்தை முடிவு செய்வது சுலபம். அந்தக் கடைசி வரிதான் கவனிக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் அந்த வரிசையில் போகிறவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் இறங்கி வருகிறார்கள்.

முதலில் இடம். ஜூன் கடைசி, ஜூலை என்றால் நேபாளத்தில் பருவமழைக் காலம். அன்னபூர்ணா, எவரெஸ்ட் பக்கம் மேகம் மலையை மூடியிருக்கும், கீழ்க்காடுகளில் அட்டை, லுக்லா விமானங்கள் அடிக்கடி ரத்தாகும். காட்மாண்டு, பக்தபூர், பதான் எல்லாம் மழையிலும் பார்க்கலாம், நடைதான் வீணாகும். லடாக் மழை மறைவுப் பகுதி. லே நகரில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 100 மி.மீ.தான், நவம்பரில் சென்னை ஒரே நாளில் பார்த்துவிடும் அளவு. உங்கள் விடுப்பு அக்டோபர், நவம்பரிலோ ஏப்ரலிலோ இருந்திருந்தால் நேபாளம் என்றே சொல்லியிருப்பேன். பள்ளி விடுமுறையை நம்பி மே மாதத்தில் லடாக் ட்ரெக்கிங் போடுகிறவர்கள் கணவாய்களில் பனியைப் பார்த்துத் திரும்புவதும் உண்டு. உங்கள் தேதிக்கு லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கு நன்றாகப் பொருந்தும். வழியெங்கும் ஊர்களும் ஹோம்ஸ்டேக்களும் உண்டு, கடைசியில் 5,200 மீட்டர் அளவில் கொங்மாரு லா கணவாய்.

இனி வரிசை. 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 5,200 மீட்டரில் பாதிக்குச் சற்று மேல். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. அதற்கு உடல் பழக நாள் பிடிக்கும். ஜிம் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்று அது பார்ப்பதில்லை. மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது இது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட இரவு எங்கே படுத்தீர்கள் என்பதே கணக்கு. லடாக்கின் முக்கியமான மடங்கள் எல்லாம் 3,100 முதல் 3,700 மீட்டருக்குள் இருக்கின்றன. காரில் போய், கொஞ்சம் படி ஏறி, உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம். உடல் பழகத் தேவையான நாட்களை அப்படியே மடங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். நடையை முன்னால் வைத்தால் அதே நாட்களை ஹோட்டல் அறையில் படுத்துக் கழிக்க வேண்டும், இல்லையென்றால் பழகாமலே மலையேற வேண்டும்.

உள்ளே போகும் பாதையும் இதே கணக்கில் வரும். எல்லாரும் செய்வது டெல்லியிலிருந்து நேராக லே விமானம். ஒன்றேகால் மணி நேரத்தில் 200 மீட்டரிலிருந்து 3,500 மீட்டர். தலைவலி அன்று மாலையோ இரவோ ஆரம்பிக்கும். காலையில் இறங்கியதும் "ஒன்றும் தெரியவில்லையே" என்று லே அரண்மனைப் படிகளில் ஏறுகிறவர்கள் இரவில்தான் அதற்கு விலை கொடுப்பார்கள். மணாலி வழிச் சாலை இன்னும் மோசம், ஏனென்றால் வழியில் சர்ச்சுவில் 4,300 மீட்டர் அளவில் தூங்க வைக்கிறது. உங்களிடம் 14 நாள் இருப்பதால் ஸ்ரீநகர் வழியாகப் போங்கள் என்பது என் பரிந்துரை. ஸ்ரீநகர் 1,600 மீட்டர், கார்கில் 2,680, ஆல்ச்சி 3,100, லே 3,500. ஏணிப்படி போல ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே. வழியில் சோஜி லாவும் (சுமார் 3,500), ஃபோது லாவும் (4,108) வரும். பகலில் கடந்து கீழே இறங்கிவிடுவதால் பாதகமில்லை. சோஜி லாவில் மண்சரிவோ ஒருவழி நேரக் கட்டுப்பாடோ இருந்தால் சில மணி நேரம் போகும், விடியற்காலையில் கிளம்புங்கள். காஷ்மீரில் நிலவரம் சரியில்லாத வாரமாக இருந்தால் யோசிக்காமல் விமானத்துக்கு மாறிவிட்டு, லேயில் முதல் இரண்டு நாளை முழு ஓய்வாக வையுங்கள். இறங்கிய அன்றே காரில் ஆல்ச்சிக்குப் போய் 400 மீட்டர் தாழ்வாகத் தூங்குவதும் நல்ல உத்தி.

இந்தச் சாலையே ஒரு கலாசாரச் சுற்றுலா. கார்கிலில் மசூதிகளைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் போனால் முல்பெக்கில் சாலையோரப் பாறையில் சுமார் முப்பதடி உயர மைத்ரேயர் (வரப்போகும் புத்தர்) நின்றுகொண்டிருப்பார். பௌத்த லடாக் அங்கே தொடங்குகிறது. அடுத்து லாமாயுரு மடம், காய்ந்த ஏரிப் படிவின் மஞ்சள் மண்மேடுகளுக்கு மேலே. அங்கே ஒரு மணி நேரம் போதும். நேரத்தை ஆல்ச்சிக்கு மிச்சம் பிடியுங்கள்.

ஆல்ச்சி மற்ற மடங்களைப் போலக் குன்றின் உச்சியில் இல்லை. வயல்களுக்கு நடுவே, ஆற்றங்கரைத் தளத்தில் இருக்கிறது. அதன் காலத்தை அறிஞர்கள் 11ஆம் நூற்றாண்டிலிருந்து 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வைத்து விவாதிக்கிறார்கள். ஓவியங்கள் காஷ்மீரக் கைகள் தீட்டியவை என்பதில் மட்டும் பெரிய சந்தேகமில்லை. சும்ட்செக் என்ற மூன்றடுக்குக் கோயிலுக்குள் மூன்று பிரம்மாண்ட போதிசத்துவர்கள் நிற்கிறார்கள். தலை மேல்தளத்துக்குப் போய்விடும், கீழே நிற்பவருக்குக் கண்ணெதிரே தெரிவது அவர்களுடைய வேட்டிதான். அந்த வேட்டிகளைத்தான் பார்க்க வேண்டும். அவலோகிதேசுவரரின் வேட்டியில் கோயில்களும் அரண்மனைகளும், மைத்ரேயரின் வேட்டியில் புத்தரின் வாழ்க்கைக் காட்சிகள், மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் 84 மகாசித்தர்கள். (நம் பதினெண் சித்தர்களோடு உடனே முடிச்சுப் போட்டுவிட வேண்டாம்; அது தனி ஆராய்ச்சி.) உள்ளே இருட்டு, படம் எடுக்க அனுமதியில்லை. மங்கலான ஒரு சிறு டார்ச் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் ஒவ்வோர் உருவமாகத் துலங்கும். ஒரே நாளில் ஐந்து மடங்கள் என்று பட்டியல் போடும் டாக்சிக்காரரிடம் ஆல்ச்சிக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். பொதுவாகவே நாளொன்றுக்கு இரண்டு மடங்களுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் எல்லாச் சிலையும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

திருவிழா விஷயத்துக்கு வருவோம். ஹெமிஸ் மடத்தின் ஆண்டுத் திருவிழாவான ஹெமிஸ் செச்சு திபெத்திய நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் 10, 11ஆம் நாட்களில் வரும். நம் கணக்கில் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவுக்குள் ஆண்டுதோறும் நகரும். எனவே விடுப்பு எழுதுவதற்கு முன் அந்த ஆண்டின் தேதியைப் பார்த்துவிடுங்கள். பௌத்தத்தைத் திபெத்துக்குக் கொண்டுபோன, எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த குரு பத்மசம்பவரின் பிறந்தநாள் விழா அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, குரங்கு ஆண்டில், பெரிய தங்கா துணி ஓவியத்தை விரிப்பார்கள். 2016இல் நடந்தது, அடுத்தது 2028. மற்ற ஆண்டுகளிலும் முற்றத்தில் முகமூடிச் சாம் நடனம் உண்டு: பத்மசம்பவரின் எட்டு வடிவங்கள், கறுப்புத் தொப்பி அணிந்தவர்கள், கடைசியில் தீமையின் வடிவமாகச் செய்த மாவுருவத்தை வெட்டிச் சிதைப்பது. இது மெதுவாக நகரும் சடங்கு. ஆட்டம் பாட்டம் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள். எட்டு வடிவங்களின் பெயரையும் நிறத்தையும் முந்தைய இரவே படித்துவைத்தால் சித்தப்பா நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். லேயிலிருந்து 45 கி.மீ.; காலை எட்டு மணிக்குள் போனால்தான் உட்கார இடம். முற்றத்தில் வெயில் நேராக அடிக்கும், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

மார்க்கா நடை ஹெமிஸுக்குப் பக்கத்தில்தான் முடிகிறது. அதனால் கணவாயைக் கடந்து நேராகத் திருவிழாவில் இறங்கலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும், பல நிறுவனங்கள் அப்படியே விற்கவும் செய்கின்றன. நான் அப்படி வைக்கமாட்டேன். திருவிழாத் தேதி அசையாது. மலைத் தேதி அசையும். ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் மோசமான வானிலை, அவ்வளவுதான், திருவிழா போய்விடும். அதைவிட ஆபத்து, திருவிழாவைப் பிடிக்க வேண்டுமே என்று உடம்பு சரியில்லாத நிலையிலும் மேலே ஏறுவது. அசையாததை முன்னால், அசைவதைப் பின்னால், அதற்கும் பின்னால் ஒரு வெறும் நாள்.

அந்தக் கணக்கில் இரவுகள் இப்படி அமையும். முதல் இரவு ஸ்ரீநகர், அடுத்து கார்கில், மூன்றாவது ஆல்ச்சி. 4, 5, 6ஆம் இரவுகள் லே. இதில் ஹெமிஸ் திருவிழாவும் திக்சே மடத்தின் காலைப் பிரார்த்தனையும் வந்துவிடும். ஏழாவது நாள் காரில் சிலிங் வரை போய் ஆற்றைக் கடந்து ஸ்கியூ (சுமார் 3,400). எட்டாவது நாள் மார்க்கா ஊர் (3,700); பள்ளத்தாக்கில் நீளமான நாள் இதுதான், ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஒன்பதாவது ஹங்கர் (3,950), அரை நாள் நடை. வழியில் பாறை முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேச்சா மடத்துக்கு ஏறிப் பார்க்க நேரம் இருக்கும். பத்தாவது தொச்சுன்ட்சே (சுமார் 4,200), பதினொன்றாவது நிமாலிங் (சுமார் 4,800), பன்னிரண்டாவது நாள் கணவாயைக் கடந்து ஷாங் சும்தோ, அங்கிருந்து காரில் லே. பதின்மூன்றாவது நாள் கையிருப்பு. பதினான்காவது நாள் விமானம்.

கைடுகள் பலர் ஹங்கரிலிருந்து நேராக நிமாலிங் போய்விடலாம் என்பார்கள், ஒரு நாள் மிச்சமாகும். அது ஒரே இரவில் 850 மீட்டர் கூட்டுவது; தொச்சுன்ட்சேயில் தங்கினால் 250, 600 என்று பிரியும், அந்த 600கூட மேலே சொன்ன 500ஐச் சற்றுத் தாண்டுவதுதான். அதற்குள் உடல் நன்றாகப் பழகியிருந்தால் பலருக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் 57 வயதுக்காரரோடு போகையில் தொச்சுன்ட்சே இரவை விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கே ஊர் இல்லை, கூடாரம்தான். முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கில் நடைக்கும் கலாசாரத்துக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது. கூடாரத்தை விட்டுவிட்டு, இருக்கிற ஊர்களில் எல்லாம் ஹோம்ஸ்டே எடுங்கள். வீட்டின் நடுநாயகம் சமையலறை: கறுப்பு இரும்பு அடுப்பு, பின்சுவர் முழுக்க அடுக்கில் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள், தரையோரம் தாழ்ந்த மேசைகளும் கம்பளமும். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் துக்பா (நூடுல்ஸ் சூப்) அல்லது ஸ்கியூ (அதே பெயருள்ள ஊரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). இரண்டாவது, கட்டைவிரலால் அழுத்திய கோதுமை மாவுத் துண்டுகளைக் காய்கறியோடு வேகவைப்பது, நம் மாவுருண்டைக் குழம்பு மாதிரி இருக்கும். வெண்ணெயும் உப்பும் போட்ட குர்குர் சா (தேநீர்) கோப்பையை ஒரு மிடறு குடித்ததும் நிரப்பிவிடுவார்கள்; போதும் என்றால் கோப்பையைக் கையால் மூடுங்கள். கழிப்பறை உலர்வகை, தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண்ணும் மண்வெட்டியும். முடித்ததும் மண்ணைத் தள்ள வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் மட்கிய உரம் கெட்டுப்போகும், அதுதான் அடுத்த ஆண்டு அவர்கள் வயலுக்குப் போகிறது. கழுவித்தான் பழக்கம் என்றால் டிஷ்யூவும் சானிடைசரும் கொண்டுபோங்கள். வழியில் மணிச் சுவர்களும் (மந்திரம் செதுக்கிய கற்களின் சுவர்) சோர்டன்களும் (ஸ்தூபிகள்) வரும்போது அவை உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடந்து போங்கள். "ஜூலே" என்ற ஒரு சொல் வணக்கம், நன்றி, போய்வருகிறேன் மூன்றுக்கும் போதும்.

கணவாய் நாளில் தவறுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். நிமாலிங்கில் ஜூலையிலும் இரவு உறைநிலைக்குக் கீழே போகலாம்; காலை ஐந்தரைக்குள் கிளம்பினால் மேலேறுவதற்கு இரண்டரை, மூன்று மணி நேரம். உச்சியில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். அதன் பிறகு சுமார் 1,500 மீட்டர் ஒரே மூச்சில் இறக்கம், குறுகிய மலையிடுக்கில் ஓடையை மாறி மாறித் தாண்டிக்கொண்டு. பனி உருகுவதால் மதியத்துக்குப் பிறகு ஓடையில் தண்ணீர் ஏறும். விடியலில் கிளம்பச் சொல்வதற்கு அதுவும் காரணம். முழங்காலுக்கு இரண்டு கைத்தடிகள் வேண்டும். கால்நகத்தை முந்தைய நாள் வெட்டிவிட்டு, இறங்கும்போது ஷூ கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள்; இல்லையென்றால் விரல் முன்னால் மோதி நகம் கறுத்துவிடும். ஆற்றில் இறங்க வேண்டி வந்தால் பட்டை வைத்த செருப்பு போட்டு, பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, நீர்வரத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகருங்கள்.

மருந்து பற்றி ஒரு எல்லைக்குள் நின்றுதான் சொல்ல முடியும். உங்களையும் அவரையும் பரிசோதித்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தடுப்புக்கு வழக்கமாகத் தருவது அசெட்டசோலமைடு, அதாவது டயமாக்ஸ், 125 மி.கி. காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனியில் ஊசி குத்துவது போலிருப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் அதன் இயல்பு. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. சித்தப்பாவுக்கு இரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இருந்தால், இதய நோய்க்கு வாய்ப்பு உண்டா என்பதையும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். லேயில் ஆக்சிமீட்டர் (இரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் கருவி) 85க்கும் 90க்கும் இடையே காட்டுவது பலருக்கும் இயல்பு. எண்ணைப் பார்த்துப் பயப்படுவதைவிட அறிகுறியைப் பாருங்கள். தலைவலி மட்டும் என்றால் அதே இடத்தில் ஓய்வு. அதோடு வாந்தி, தள்ளாட்டம், குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இருமல் என்று எது சேர்ந்தாலும் இரவானாலும் இறக்க வேண்டும். குதிகாலும் நுனிவிரலும் தொட்டபடி நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அது மூளை வீக்கத்தின் அறிகுறி, காத்திருக்கக் கூடாது. கற்பூரத்தை முகர்வது மூக்குக்குச் சுகம், ஆக்சிஜனைக் கூட்டாது. தண்ணீர் மூன்று லிட்டர் போதும். ஆறு லிட்டர் குடித்தால் உயரநோய் வராது என்பது வெறும் பேச்சு, உப்புச்சத்து குறைந்து அதுவே தலைவலியாகும்.

இதுவரை சொன்னதில் உயரம், வரிசை, அறிகுறி இவையெல்லாம் உறுதியானவை. மாறக்கூடியவை இரண்டு. ஒன்று, மார்க்காவுக்குள் ஜீப் சாலை ஆண்டுக்காண்டு நீண்டுகொண்டே போகிறது. நடை எங்கே தொடங்குகிறது என்பதை லேயில் அந்த வாரம் கேட்டு முடிவு செய்யுங்கள். தூசியில் வண்டிப் பாதையிலேயே நடப்பதைவிட ஸ்கியூவைத் தாண்டிக் காரில் போய்விட்டு, மிச்சமாகும் நாளை மார்க்கா ஊரில் கழிப்பது மேல். இரண்டு, வானிலை. மழை மறைவு என்பது மழையே இல்லை என்பதாகாது; 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பு லேயையே அடித்துப் போட்டது. மழை தொடர்ந்தால் மலையிடுக்கில் இறங்காமல் ஊரிலேயே இருந்துவிடுங்கள்.

சித்தப்பா மருத்துவரிடம் சரி வாங்கவில்லை, அல்லது லேயில் ஆறாவது இரவுக்குள்ளும் சுமுகமாக இல்லை என்றால் அவருக்கு ஷாம் பகுதி: லிகிரிலிருந்து யங்தாங், ஹெமிஸ் ஷுக்பாசன் வழியாக தெமிஸ்காம் வரை மூன்று நாள், எந்தக் கணவாயும் 4,000 மீட்டரைத் தாண்டாது, எங்கிருந்தும் காரில் ஏறிக்கொள்ளலாம். லடாக்குக்கும் திபெத்துக்கும் 1684இல் ஒப்பந்தம் ஆனது அந்தத் தெமிஸ்காமில்தான், அவருக்குப் பிடிக்கும். நீங்கள் ஒரு கைடோடு மார்க்கா போய்விட்டு லேயில் சேர்ந்துகொள்ளலாம். இந்த மாற்றத்தை ஊரிலேயே அவரிடம் பேசி வைத்துவிடுங்கள். மலையில் வைத்துச் சொன்னால், உங்கள் நடை கெடக்கூடாதே என்று அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்.

மற்றவை சில்லறை விஷயங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள்; மார்க்காவுக்குள் எப்படியும் சிக்னலை நம்ப முடியாது. லேயிலிருந்து நடைக்குக் கிளம்பிவிட்டால் மார்க்கா வழியில் ஏடிஎம் இல்லை, ஹோம்ஸ்டே, குதிரைக்காரர், தேசியப் பூங்காக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ரொக்கம் சின்ன நோட்டுகளாக. ஹோம்ஸ்டேயில் தங்குவதால் பை எட்டு கிலோவுக்குள் அடங்க வேண்டும். அவருடைய பைக்குக் குதிரை வைத்துக்கொள்ளுங்கள். லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், காற்றோ மேகமோ வந்தால் ரத்து. டெல்லியிலிருந்து சென்னைக்கு அதே நாளில் தனி டிக்கெட் போடாதீர்கள். ஒரே டிக்கெட்டில் இணைத்துப் போட்டால் ரத்தானாலும் மாற்றித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது.